வெட்டுக் காகித டிசைனில் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்து வழி தேட

கையால் வெட்டிய காகிதத்தை வைத்துப் புத்தக அட்டையோ, மார்கழிக் கச்சேரி போஸ்டரோ, கல்யாணப் பத்திரிகையோ செய்கிறவர்களுக்குக் கோளாறு முதலில் கண்ணில் படுவது கணினித் திரையில்தான். அதனால் அங்கேயே சரிசெய்யக் கை துடிக்கும். ஆனால் திரையில் தெரியும் கோளாறில் பெரும்பகுதி மேசையில் பிறந்தது. காகிதம், பிளேடு, பசை, காற்றில் இருக்கும் ஈரம், விளக்கு நின்ற இடம் என்று ஏதோ ஒன்று முன்பே பிசகியிருக்கும். மேசையில் பத்து நிமிடத்தில் தீர்வதைப் போட்டோஷாப்பில் அரைநாள் தேய்த்தால், கோளாறோடு சேர்ந்து காகிதத்தன்மையும் போய்விடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்டுக் காகிதத்தின் உயிர் விளிம்பிலும் நிழலிலும் இருக்கிறது. இந்த இரண்டையும் அழித்துவிட்டுக் கிடைக்கும் சுத்தமான படத்தை நான் தீர்வாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட படம் வேண்டுமென்றால் இல்லஸ்ட்ரேட்டரில் நேராகவே வரைந்துவிடலாம். வேலையும் சீக்கிரம் முடியும்.

கோளாறு எங்கே பிறந்தது?

ஒரிஜினலை ஜன்னலோரம் எடுத்துப்போய்க் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். குறை அதிலேயே தெரிந்தால் காகிதம், பிளேடு, பசை இவற்றில் ஒன்று. ஒரிஜினல் நன்றாக இருந்து திரையில் மட்டும் கெட்டிருந்தால் விளக்கு, லென்ஸ், ஸ்கேனர். திரையிலும் சரியாக இருந்து அச்சில் மட்டும் சொதப்பினால் கோப்பைத் தயாரித்த விதம் அல்லது அச்சு முறை. கீழே இந்த வரிசையில்தான் போகிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகத் தாவிக்கொள்ளலாம். ஆனால் ஈரம் பற்றிய பகுதியைச் சென்னையில் வேலை செய்கிற எல்லோரும் படித்துவிடுவது நல்லது.

விளிம்பு பிசிறடிக்கிறது, நார் நாராக நிற்கிறது

முதல் சந்தேகம் பிளேடு மேல். கட்டரின் நுனியை உடைத்துப் புது முனை எடுத்து, அதே காகிதத்தின் ஓரத்தில் ஒரு வளைவு வெட்டிப் பாருங்கள். பிசிறு நின்றுவிட்டால் வேறெதையும் ஆராய வேண்டாம். கைக்காகிதத்தில் இருக்கும் பருத்தி நார் நீளமானது. மழுங்கிய முனை அதை அறுக்காமல் இழுத்துக்கொண்டு போகும். நெருக்கமான வளைவுகளுக்கு 11ஆம் எண் சர்ஜிகல் பிளேடும் 3ஆம் எண் கைப்பிடியும் கட்டரைவிடக் கைக்கு அடங்கும். சர்ஜிகல் சாமான் கடைகளில் கிடைக்கும்.

புது முனையிலும் பிசிறு வந்தால் காகிதத்தைச் சோதிக்க வேண்டும். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு அப்படியே நின்றால் காகிதத்துக்குச் சைஸிங், அதாவது நீரைச் சட்டென உறிஞ்சாமலிருக்கப் பசைக்கஞ்சிச் சிகிச்சை, கொடுத்திருக்கிறார்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் கொடுக்கவில்லை, அல்லது மிகக் குறைவு. சைஸிங் இல்லாத தாளில் நார்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்காது, அதனால் வெட்டின இடத்தில் எழுந்து நிற்கும். இதற்கு வீட்டு வைத்தியமே போதும். பருத்திப் புடவைக்குப் போடுகிற ஜவ்வரிசிக் கஞ்சியை நன்றாக நீர்க்கக் காய்ச்சி, வடிகட்டி, தாளின் பின்பக்கம் மட்டும் மெல்லப் பூசுங்கள். நிழலில் காயவிட்டு, முழுக்கக் காய்வதற்குச் சற்று முன் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்துக் கனமான புத்தகங்களை ஏற்றுங்கள். மறுநாள் வெட்டினால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

பூவிதழும் வைக்கோலும் பதித்த தாள்களில் இந்தச் சிகிச்சை அவ்வளவாக எடுபடாது. பிளேடு வைக்கோலில் மோதித் திசை மாறும். அவற்றைப் பெரிய, எளிய வடிவங்களுக்கோ பின்னணிக்கோ வைத்துக்கொள்ளுங்கள். நுணுக்கமான வெட்டுக்கு 120 முதல் 200 ஜிஎஸ்எம் வரையிலான, பதிப்பு எதுவும் இல்லாத பருத்தித் தாள்தான் சரி. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை 1959லிருந்து இயங்கிவருகிறது. அங்கே நேரில் போனால் தாளைத் தொட்டு, மடக்கிப் பார்த்து வாங்கலாம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தேடினால் கைக்காகிதத்தோடு சார்ட், கிளேஸ் பேப்பர், மவுண்ட் போர்டு எல்லாம் ஒரே நடையில் முடியும். எங்கே வாங்கினாலும் ஒரு தாளை முதலில் வாங்கி வெட்டிப் பார்த்துவிட்டு மொத்தமாக எடுங்கள். கைக்காகிதம் தொகுதிக்குத் தொகுதி மாறும்.

கை வைக்கும் முறையும் விளிம்பைக் கெடுக்கும். கத்தரிக்கோலில் வெட்டும்போது கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள், நுனியால் கடிக்காமல் அடிவாயால் வெட்டுங்கள். பிளேடால் வெட்டும்போது உள்மூலைகளில் இரண்டு வெட்டுமே மூலையில் தொடங்கி வெளியே போகட்டும். மூலையை நோக்கி வந்து முடியும் வெட்டில்தான் நார் தொங்கும்.

லேசான பிசிறை நான் விட்டுவிடுவேன். பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு வாசகர் அதைத் தொட்டுப் பார்க்க நினைப்பார்.

தமிழ் எழுத்தை வெட்டினால் சுழி கிழிகிறது, அல்லது எழுத்தே மாறிப்போகிறது

எழுத்துரு மைக்காகச் செய்யப்பட்டது. அதை அப்படியே பிரிண்ட் எடுத்துத் தாள்மேல் வைத்து வெட்டினால் கோடுகள் மெலிந்து அறுந்துவிடும். கையால் வெட்டுகிற எழுத்துக்குக் கோட்டின் அகலம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன எழுத்து தேவையென்றால் பெரிதாக வெட்டி ஸ்கேனில் சுருக்குங்கள்.

வெட்டும் வரிசை முக்கியம். அ, வ, ல, ன, ண போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் ஓட்டையை முதலில் எடுத்துவிட வேண்டும். வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால் சுழியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளத் தாளே இருக்காது, பிளேடு பட்டதும் பிய்ந்து வரும்.

ஸ்டென்சில் மாதிரி எழுத்தின் இடத்தை வெட்டியெடுத்து அடியில் வேறு நிறம் காட்டுவதென்றால் சிக்கல் தலைகீழ். சுழிக்குள் இருக்க வேண்டிய துண்டு கீழே விழுந்துவிடும். இரண்டு மெல்லிய பாலங்கள் விட்டு அதைத் தாங்கலாம். ஆனால் பாலம் எங்கே நிற்கிறது என்பதில் தமிழ் மிகவும் கண்டிப்பான மொழி. ண, ன இரண்டையும் பிரிப்பது ஒரு சுழி. எ, ஏ இரண்டையும் பிரிப்பது அடியில் இழுத்த ஒரு கோடு. கொடு என்பது கோடு ஆவதற்கு மேலே ஒரு சின்னச் சுழிப்பு போதும். இந்த இடங்களில் பாலம் போட்டாலோ, கிழிந்த நுனியைச் சீர்செய்கிறேன் என்று நறுக்கினாலோ சொல்லே மாறிவிடும். அப்படிப்பட்ட எழுத்துகளுக்குப் பாலமே வேண்டாம். துண்டை எடுத்து வைத்திருந்து, அடித்தாளில் நேராக அதன் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டு. காற்றில் பறக்கும், பசையில் நகரும், கடைசியில் ஒன்று குறையும். வெட்டத் தொடங்கும் முன்பே வாசகத்தில் எத்தனை புள்ளி என்று எண்ணி ஒரு மூடியில் போட்டு வையுங்கள். ஆபீஸ் பஞ்ச்சில் குத்தியெடுத்தால் 6 மில்லிமீட்டர் வட்டம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் கையால் வெட்டிய எழுத்துக்குப் பக்கத்தில் அந்தத் துல்லியமான வட்டம் ஒட்டாமல் நிற்கும். புள்ளியையும் கத்தரியாலேயே வெட்டுங்கள்.

பழைய பாணி போஸ்டர் செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் வழங்கிய, தும்பிக்கை தூக்கிய லை, னை, ணை வடிவங்கள் வெட்டுக்கு மிக வசதியானவை. ஒரே துண்டாக வரும். இன்றைய வடிவில் இணைக்கொம்பு தனித் துண்டு, மெய் தனித் துண்டு. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் பழைய வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வாசகம் முழுக்க ஒரே முறையைக் கடைப்பிடியுங்கள்.

பென்சில் கோடு ஸ்கேனில் தெரிகிறது என்பதும் இங்கேதான் வரும். வடிவத்தைத் தாளின் பின்பக்கம் கண்ணாடிப் பிம்பமாக வரைந்து வெட்டினால் முன்பக்கம் சுத்தமாக இருக்கும். வெட்டும் முன் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முன்பக்கத்திலிருந்து ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

வெட்டிய துண்டு சுருள்கிறது, ஒட்டியது உப்புகிறது

சென்னையில் இதுதான் எல்லாக் கோளாறுக்கும் மூத்தது. காகித நார் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இழுத்ததும் நீளவாக்கில் அதிகம் வளராது, தடிமன் வாக்கில் ஊதும். எந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருப்பதால் சுருளும் ஒரே திசையில் வரும், எதிர்பார்க்க முடியும். கைக்காகிதத்தில் நார் எல்லாப் பக்கமும் கிடக்கிறது. அதனால் பொரித்த அப்பளம் போல எந்தப் பக்கம் எழும்பும் என்று சொல்ல முடியாமல் வளையும்.

காகிதத்துக்கு இதமான ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காலைகள் 80ஐத் தாண்டுவது வழக்கம். கோடையிலும் மாலையில் கடற்காற்று நுழைந்ததும் ஈரம் ஏறும். இதில் ஏசி அறை வேறு. பகலெல்லாம் ஏசியில் உலர்ந்த தாளை வெட்டி ஒட்டிவிட்டு, மாலையில் அணைத்துப் பூட்டிப் போனால், இரவு முழுக்க ஈரம் குடித்த துண்டுகள் காலையில் எழுந்து நிற்கும்.

ஆகவே வேலைக்கு எடுக்கும் தாளை எந்த அறையில் வெட்டிப் படமெடுக்கப் போகிறீர்களோ அந்த அறையிலேயே ஒருநாள் பிரித்துப் போட்டு வையுங்கள். வெட்டுவது, ஒட்டுவது, படமெடுப்பது மூன்றும் ஒரே அறையில், முடிந்தால் ஒரே நாளில் நடக்கட்டும். ஏசியில் டிரை மோட் இருந்தால் மழைக்காலத்தில் அதுதான் உங்களுக்கு வேண்டியது. குளிர்ச்சி இரண்டாம்பட்சம். மீதித் தாளைச் சுருட்டி வைக்காமல் தட்டையாகப் படுக்கவைத்து, பாலிதீன் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஏற்கெனவே சுருண்டதை இரண்டு பிளாட்டிங் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கண்ணாடிப் பலகையும் எடையும் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். இஸ்திரிப் பெட்டியை நேராகத் தாள்மேல் வைக்காதீர்கள். சூடு பட்ட இடம் பளபளத்துவிடும், அந்தப் பளபளப்பு படத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

ஒட்டிய பிறகு உப்பினால் குற்றவாளி பசையில் இருக்கும் தண்ணீர். ஃபெவிகாலை முழுப் பரப்பிலும் தேய்த்தால் துண்டு நனைந்து விரியும், விரிந்த நிலையில் ஒட்டிக்கொள்ளும், காயும்போது அடித்தாளை இழுக்கும். அடித்தாள் 300 ஜிஎஸ்எம்முக்கு மேல் அல்லது மவுண்ட் போர்டாக இருக்கட்டும். பசையைத் தீக்குச்சி முனையால் நடுப்பகுதியில் மட்டும் புள்ளி புள்ளியாக வையுங்கள். படமெடுப்பதற்காக மட்டும் என்றால் பசையே வேண்டாம், டபுள் சைடு டேப்பின் சின்னத் துண்டுகள் போதும். விளிம்புவரை பசை போகவில்லை என்றால் விளிம்பு லேசாகத் தூக்கி நிற்கும், நிழலும் அழகாக விழும்.

துண்டைச் சுற்றிப் பளபளவென்று ஒரு கோடு

வழிந்து காய்ந்த ஃபெவிகால். காய்ந்தால் நிறம் போகும், பளபளப்பு போகாது. சுரண்டினால் தாளும் கூடவே வரும். அந்த இடத்தில் வேறொரு துண்டை வைத்து மறைப்பதுதான் நடக்கிற காரியம். விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினாலே பளபளப்பு லென்ஸுக்குத் தெரியாமல் போவதும் உண்டு.

ஸ்கேனில் மேலடுக்கு தெளிவு, அடித்தாள் மங்கல்

உங்கள் ஸ்கேனர் சிஐஎஸ் வகை. மெலிந்த, யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடுகிற ஸ்கேனர்களும் ஆல் இன் ஒன் பிரிண்டர்களும் பெரும்பாலும் இதுதான். கண்ணாடியை ஒட்டி இருப்பது மட்டுமே அதற்குத் தெளிவாகத் தெரியும். துண்டுகளைக் கவிழ்த்து வைப்பதால் மேலடுக்கு கண்ணாடியில் படும், அடித்தாள் தள்ளி நிற்கும். அதனால் அடித்தாள் மங்கி மேலடுக்கு தெளிவாக வருவதே வழக்கம். ஒரு ஸ்கேலைக் கண்ணாடிமேல் சாய்வாக வைத்து ஸ்கேன் செய்தால் எந்த உயரத்தில் மங்கத் தொடங்குகிறது என்று அளந்துவிடலாம். சிசிடி வகை ஸ்கேனர் சில மில்லிமீட்டர் ஆழம் வரை தெளிவாகக் காட்டும். ஃபோம் டேப் வைத்து உயர்த்திய வேலையை ஸ்கேனரில் போடவே வேண்டாம், கேமராதான்.

ஸ்கேனில் காகிதம் சொரசொரப்பான சுவராகத் தெரிகிறது

ஸ்கேனரின் விளக்கு ஒரே பக்கத்திலிருந்து அடிப்பதால் கைக்காகிதத்தின் மேடுபள்ளம் மிகையாகத் தெரியும். ஷார்ப்பன், டஸ்ட் ரிமூவல், ஆட்டோ கலர் மூன்றையும் அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள். அப்படியும் முரடாக இருந்தால், ஒருமுறை ஸ்கேன் செய்தபின் வேலையை 180 பாகை திருப்பி இன்னொரு ஸ்கேன் எடுங்கள். இரண்டாவதைக் கணினியில் நேராக்கி, முதலாவதன் மேல் லேயராக வைத்து, ஒப்பாசிட்டியை 50 ஆக்குங்கள். எதிரெதிரான நிழல்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து, நார் மட்டும் மிஞ்சும். 50க்குப் பதில் 30, 20 என்று வைத்து எவ்வளவு சொரசொரப்பு வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. பிளர் போட்டு மென்மையாக்கினால் நாரும் போய்விடும்.

பெரிதாக்கினால் காகிதம் அட்டை மாதிரி தடிக்கிறது

படத்தோடு சேர்ந்து நிழலும் விளிம்பும் பெரிதாகும். உள்ளங்கை அளவு வெட்டியதை நான்கு மடங்கு பெருக்கினால் 2 மில்லிமீட்டர் நிழல் 8 மில்லிமீட்டர் ஆகிவிடும். கண் அதைக் காகிதமாக நம்பாது. இறுதி அளவுக்கே வெட்டுவது நல்லது. இரண்டு மடங்கு வரை தாங்கும். ஏ5 அளவில் வெட்டி 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால், ஏ3 போஸ்டருக்குச் சரியாக 300 கிடைக்கும். அதற்கு மேல் தேவையென்றால் பெரிதாக வெட்டுங்கள்.

போட்டோவில் நிழல் இரண்டாகத் தெரிகிறது, அல்லது நிழலே இல்லை

இரண்டு பக்கமும் சம வெளிச்சம் வைத்தால் நிழல் இரட்டையாகும், இல்லையென்றால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். காகித வேலைக்கு ஒரே விளக்கு. எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் பலகை ஒன்றை நிறுத்தினால் நிழலின் கருமை இறங்கும். பலகையைக் கிட்டே கொண்டுவந்தால் இன்னும் இளகும். விளக்குக்கு முன் டிரேசிங் பேப்பர் ஒட்டிய சட்டம் வைத்தால் நிழலின் ஓரம் மென்மையாகும்.

நிழலின் நீளம் கணக்குதான். விளக்கு 45 பாகை உயரத்தில் இருந்தால் துண்டு எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவு நீளம். 30 பாகைக்கு இறக்கினால் 2 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நிழல். அடுக்குகள் அதிகமுள்ள வேலையில் விளக்கை இறக்கினால் மேலடுக்கின் நிழல் கீழடுக்கின் உருவத்தையே மூடிவிடும். அப்போது விளக்கை ஏற்றுங்கள்.

ட்யூப் லைட், ஃபேன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் கலந்தால் ஒரு நிழல் நீலமாகவும் ஒன்று ஆரஞ்சாகவும் வரும், அதைப் பிறகு பிரிக்க முடியாது. எல்இடி வெளிச்சத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் காரணம். ஷட்டரை 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்று மாற்றினால் போய்விடும். கேமரா வேலைக்கு நேர்மேலே இருக்கிறதா என்று பார்க்க, வேலையின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள். வியூஃபைண்டரில் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரிய வேண்டும். ஐஎஸ்ஓ 100, அப்பெர்ச்சர் எஃப் 8, இரண்டு விநாடி டைமர். ரிச்சி தெருவில் கிடைக்கும் எளிய எல்இடி பேனல் ஒன்றும் நல்ல ஸ்டாண்டும் இருந்தால் இந்த வேலைக்கு ஸ்டூடியோ வாடகை தேவையில்லை.

உயர்ந்து நிற்க வேண்டிய துண்டு பள்ளமாகத் தெரிகிறது

வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்றே நம் கண் எடுத்துக்கொள்ளும். கீழிருந்து விளக்கு அடித்த படத்தில் மேடு பள்ளமாகப் புரண்டுவிடும். விளக்கை மேல் இடது மூலையில் வைத்து எடுத்தால் பெரும்பாலும் தீரும். ஆனால் படம் சரியாக எடுத்தும் இது வருமானால், லேஅவுட்டில் யாரோ ஒரு துண்டைத் திருப்பியிருக்கிறார்கள். துண்டு திரும்பும்போது அதன் நிழலும் திரும்பும். ஒரே இலையை நகலெடுத்து நான்கு திசையில் வைத்தால் நான்கு சூரியன் தேவைப்படும். திருப்ப வேண்டிய துண்டை மேசையிலேயே திருப்பி, அதே விளக்கில் தனித்தனியாகப் படமெடுங்கள்.

பின்னணியை நீக்கினால் வெள்ளை ஓரம் ஒட்டிக்கொண்டு வருகிறது, நிழலும் போய்விடுகிறது

வெள்ளைத் தாள்மேல் வைத்து எடுத்த சிவப்புத் துண்டை மாஸ்க் செய்தால் ஓர நார்களுக்கு இடையில் வெள்ளை தங்கும். எந்த நிறப் பின்னணியில் கடைசியில் உட்காரப் போகிறதோ, அதே நிறத் தாளின்மேல் வைத்து எடுப்பதே முழுத் தீர்வு. முடியாவிட்டால் நடுத்தரச் சாம்பல். பென் டூலால் விளிம்பைச் சுற்றினால் நார் எல்லாம் மழித்துவிடும், அதைத் தவிருங்கள். துண்டுக்கு ஒரு மாஸ்க், நிழலுக்குத் தனி லேயர் என்று பிரித்து, நிழல் லேயரை மல்டிப்ளையில் வையுங்கள். டிராப் ஷேடோ எஃபெக்ட் எல்லா இடத்திலும் ஒரே அகலமாக விழும். உண்மையான காகிதம் ஒட்டிய இடத்தில் தாழ்ந்தும் ஓரத்தில் எழும்பியும் இருக்கும், நிழல் அதற்கேற்பக் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்துக்காகத்தானே கையால் வெட்டினோம்.

கடையில் பார்த்த நிறம் அச்சில் வரவில்லை

நியான் சார்ட்டின் ஆரஞ்சும் பச்சையும் சிஎம்ஒய்கே எனும் வழக்கமான நான்கு நிற அச்சில் வராது. எந்தத் திருத்தமும் உதவாது. அந்த நிறத்துக்கென்றே தனியாகக் கலந்த ஸ்பாட் கலர் மை போடலாம், அல்லது நிறத்தை மாற்றலாம். மிக வெண்மையான தாள்களில் கலக்கும் பிரைட்னர் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும், ஆகவே வெயிலில் ஒரு வெள்ளை, எல்இடியில் வேறு வெள்ளை. சாம்பல் அட்டை வைத்து வைட் பேலன்ஸ் செய்யுங்கள்.

நிறம் உண்மையிலேயே முக்கியமான வேலையில், கடையின் நிறத்தை நம்பாமல் வெள்ளைத் தாளுக்கு நீங்களே போஸ்டர் கலர் பூசி, காயவிட்டு, அதை வெட்டுங்கள். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் கடைசிக் காலத்தில் செய்த வெட்டு வேலைகளுக்கெல்லாம் உதவியாளர்கள் முதலில் தாளில் குவாஷ் வண்ணம் பூசித் தந்தார்கள், பிறகுதான் அவர் கத்தரி எடுத்தார். தூரிகைக் கோடு நிறத்துக்குள் தெரியும் என்பது கூடுதல் லாபம்.

வெள்ளைமேல் வெள்ளை வேலை அச்சில் வெறுமையாக வருகிறது

நாளிதழ் விளம்பரத்தில் இது அடிக்கடி நடக்கும். அச்சில் நிழல் என்பது சின்ன மைப்புள்ளிகள்தான்; 3, 5 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள புள்ளிகள் நாளிதழ்த் தாளில் நிற்காது. உங்கள் மென்மையான நிழலின் ஓரம் அதற்குள்தான் இருக்கிறது. இருண்ட பக்கத்தில் எதிர்த் தொல்லை: மை பரவி 50 விழுக்காட்டுப் புள்ளி 75ஐ ஒட்டிப் போய்விடும். ஆகவே நாளிதழுக்கான கோப்பில் வெளிர்நிழலைக் கொஞ்சம் அழுத்தமாக்கி, நடுநிழலை நன்றாக வெளுப்பாக்கி, நான்கு நிறமும் சேர்ந்த மொத்த மையை 240 விழுக்காட்டுக்குள் கட்டுங்கள். ஆர்ட் பேப்பர் ஆப்செட்டுக்கு வைத்த கோப்பை அப்படியே அனுப்பக் கூடாது. நிழலுக்கு நான்கு நிற மையும் கலக்காமல் பெரும்பகுதி கறுப்பிலிருந்தே எடுத்தால், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் ரிஜிஸ்டர் கொஞ்சம் தப்பினாலும் ஓரத்தில் நிறம் கசியாது.

ஃப்ளெக்ஸில் நார் தெரியாது, தூரத்திலிருந்து பார்ப்பதால் தேவையும் இல்லை. நிழலை மட்டும் சற்று அழுத்தமாக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பிவிட்டு நார் குழம்பிவிட்டது என்று யாராவது சொன்னால், டாக்குமெண்டாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

கைக்காகிதத்திலேயே அச்சடித்தால் திட்டுத் திட்டாக வருகிறது

ஆப்செட் எந்திரத்தில் கைக்காகிதத்தின் தளர்ந்த நார், மையைத் தாளுக்குக் கொடுக்கும் ரப்பர் பிளாங்கெட்டில் ஒட்டிக்கொள்ளும். அடுத்தடுத்த தாள்களில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவது அதுதான். தடிமன் சீராக இல்லாததால் அழுத்தமும் சீராக விழாது. அச்சகத்துக்காரரோடு வாதாடிப் பயனில்லை, முறையை மாற்றுங்கள். சில்க்ஸ்கிரீனில் மை தாளின்மேல் தடித்து உட்காரும், மேடுபள்ளத்தை மன்னிக்கும். நம் திருவான்மியூரில் இருக்கும் தாரா புக்ஸ் கைக்காகிதத்தில் சில்க்ஸ்கிரீன் அடித்துக் கையால் தைத்த நூல்களை உலகெங்கும் அனுப்புகிறது. போய் ஒரு பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். வெட்டுக் காகித உருவங்கள் தட்டையான நிறப் பரப்புகள்தானே, ஸ்கிரீனுக்கு அவை பிறவிப் பொருத்தம். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால், டிசைன் போடும்போதே மூன்று நான்கு நிறத்துக்குள் யோசியுங்கள்.

எடுத்து வைத்த ஒரிஜினலில் ஓட்டை, கறை

அரித்ததுபோல் ஓட்டையும், விளிம்பில் சுரண்டலும் இருந்தால் இராமபாணப் பூச்சி. மாவுப் பசை அதற்கு விருந்து. மைதாப் பசை காய்ச்சும்போது பைண்டிங் கடைக்காரர்கள் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான். அது விஷம். கலந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் புழங்கும் மேசையில் வேண்டாம்.

பழுப்புப் புள்ளிகள் என்றால் பூஞ்சை. ஒவ்வொரு வேலைக்கும் நடுவே பட்டர் பேப்பர் வைத்து, தட்டையான பெட்டியில், சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், சார்ட்டின் நிறம் வெளுத்துவிடும். பூஞ்சை தெரிந்தால் ஈரத்துணி கூடாது. மூக்கை மூடிக்கொண்டு, திறந்த வெளியில், உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, அந்தத் தாளை மற்றவற்றோடு சேர்க்காமல் தனி உறையில் போட்டு வையுங்கள்.